சிட்-அவுட்டை அடைப்பது எப்படி: சென்னைப் புழுக்கத்துக்கு ஏற்ற வலைத் தாழ்வாரம்

வீட்டுப் பின்பக்க சிட்-அவுட்டை அடைக்கப் போகிறோம் என்று கடையில் சொன்னால், முதலில் காட்டப்படுவது ஸ்லைடிங் கண்ணாடியும் மேலே ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் ஷீட்டும்தான். பார்க்க அழகாக இருக்கும். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு அதற்குள் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. கண்ணாடிக்கும் பாலிகார்பனேட்டுக்கும் வெயிலை உள்ளே விடத் தெரியும், சூட்டை வெளியே அனுப்பத் தெரியாது. குளிர்நாட்டில் செடி வளர்க்கக் கட்டும் கண்ணாடிக்கூடம் அந்த வேலைக்காகவே கட்டப்படுகிறது.

கடலோர ஊரில் உடம்பைக் குளிர்விப்பது ஓடும் காற்று மட்டுமே. வெயில், கொசு, சாரல், தெருநாய், பூனை இவை வெளியே நிற்க வேண்டும். காற்று மட்டும் உள்ளே வந்து மறுபக்கம் போக வேண்டும். இந்தக் கட்டுரை அப்படி ஒரு வலைத் தாழ்வாரத்தைப் பற்றியது. நடுவில் ஏசி போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஏசிக்குக் காற்றுப் புகாத சுவரும் கூரையும் உள்ள அறை வேண்டும். பாதி வலை, பாதி கண்ணாடி என்று இரண்டுக்கும் நடுவில் கட்டினால் மின்கட்டணமும் போகும், பூஞ்சையும் பிடிக்கும்.

கணக்குக்கு ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டுச் சுவரை ஒட்டி 12 அடி நீளம், சுவரிலிருந்து வெளியே 10 அடி அகலம், மூன்று பக்கம் திறந்த தரைத்தளச் சிட்-அவுட். உங்கள் அளவு வேறாக இருந்தால் விகிதத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

வேலைக்கு முன் ஒரு வாரம்

ஒரு வாரம் அந்த இடத்தில் காலை 8, மதியம் 3, மாலை 6, இரவு 9 மணிக்கு உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஓர் ஊதுபத்தி கொளுத்தி, புகை எங்கிருந்து எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் கோடையில் கடற்காற்று மதியத்தை ஒட்டிக் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் பகுதிகளுக்கு அது தாமதமாகத்தான் போய்ச் சேரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகலில் மேற்குக் காற்று, அதுவும் அனலாக. ஆனால் பக்கத்து வீட்டு மதில் இந்தத் திசைகளையெல்லாம் புரட்டிப் போட்டுவிடும். அதனால் வரைபடத்தை நம்பாமல் ஊதுபத்தியை நம்புங்கள்.

வெயிலையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவே அது வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். "வடக்குப் பார்த்த இடம், வெயில் வராது" என்பது டிசம்பரில் சரி, மே மாதத்தில் தவறு. தொல்லை தருவது உச்சி வெயிலைவிட மேற்கிலிருந்து தாழ்வாக வரும் மூன்றரை மணி வெயில். அதைக் கூரையோ சன்ஷேடோ தடுக்காது.

இன்னும் நான்கு பார்வைகள் பாக்கி. ஏசியின் அவுட்டோர் யூனிட் அந்த இடத்தில் இருந்தால் அதை முதலில் வெளியே மாற்றுங்கள். அடைப்புக்குள் விட்டால் ஏசியும் திணறும், நீங்களும் வேகுவீர்கள். சமையலறை எக்ஸாஸ்ட் அங்கே திறந்தால் அதையும் திருப்புங்கள். துணி காயப்போடும் கொடி அங்கே இருந்தால் வேறு இடம் பாருங்கள், ஈரத்துணியின் நீரெல்லாம் நீங்கள் மூச்சு விடும் காற்றில்தான் கலக்கும். கடைசியாக, இந்த இடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையின் ஜன்னல். சிட்-அவுட்டை இறுக்கி அடைத்தால் அந்த அறைக்கும் காற்று போய்விடும் என்பதைப் பலர் குடியேறிய பிறகுதான் கவனிக்கிறார்கள்.

அனுமதியை மறக்க வேண்டாம். மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே விட வேண்டிய செட்பேக் இடத்தில் நிரந்தரக் கூரை போடுவது, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி பிரச்சினையாகலாம். உள்ளாட்சி அலுவலகத்தில் வரைபடத்தோடு கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் எழுத்து ஒப்புதலும் வேண்டும்.

அடித்தளம்: பாரம் தாங்க அல்ல, பறக்காமல் இருக்க

இந்தக் கூரையின் எடை பெரிதல்ல. சிக்கல் காற்று மேல்நோக்கித் தூக்குவது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 பகுதி 3, சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அடிப்படைக் காற்று வேகம் என்கிறது. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம். நம் கூரை, விளிம்பு நீட்டலோடு சேர்த்து 14 அடிக்கு 12 அடி, சுமார் 15.6 சதுர மீட்டர். மொத்தம் 2,300 கிலோவுக்கு மேல். பாதியை வீட்டுச் சுவர் பிடித்துக்கொள்ளும், மீதியை முன்வரிசைத் தூண்கள் பிடிக்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்த ஊரில் இந்தக் கணக்கு வெறும் ஏட்டுக்கணக்கு இல்லை. டைல்ஸ் தரையில் நான்கு ஆங்கர் அடித்துத் தூணை நிறுத்தும் வெல்டரிடம் இதைச் சொல்லுங்கள். மாடித்தளம் என்றாலோ, இதைவிடப் பெரிய கூரை என்றாலோ கட்டமைப்புப் பொறியாளரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

முன்பக்கம் 4 அடிக்கு ஒன்றாக நான்கு தூண்கள், இரு பக்கமும் நடுவில் ஒவ்வொன்று, ஆக ஆறு. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, இரண்டடி ஆழக் குழி. சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்ற கலவையில் கான்கிரீட். ஆறு குழிக்கும் சேர்த்து 27 கன அடி. அதற்கு 6 மூட்டை சிமென்ட், 12 கன அடி எம்-சாண்ட், 23 கன அடி 20 மி.மீ. ஜல்லி. இப்படிப் போட்டால் ஒரு குழியின் எடை சுமார் 300 கிலோ, முன்வரிசை நான்கும் சேர்ந்து 1,200 கிலோ. மேலே சொன்ன பாதிக்கு இது ஈடு கொடுக்கும்.

தூணைக் கான்கிரீட்டுக்குள் புதைக்காதீர்கள். குழாய் கான்கிரீட்டிலிருந்து வெளியே வரும் அந்த ஒரு விரற்கடையில்தான் துரு முதலில் பிடிக்கும். குழிக்கு மேல் 3 அங்குலப் பீடம் எழுப்பி, அதில் 12 மி.மீ. ஜே-போல்ட் (அடிமுனை J போல வளைந்த போல்ட்) நான்கைக் கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே நிறுத்துங்கள். தூணின் அடியில் 6 அங்குலச் சதுரம், 8 மி.மீ. தடிமன் தகடு. போல்ட்டுகளை நிறுத்த அதே துளைகள் கொண்ட பிளைவுட் அச்சு ஒன்று வைத்துக்கொண்டால் பிறகு துளையைப் பெரிதாக்கிச் சிரமப்பட வேண்டாம். ஏழு நாள் தண்ணீர் விட்ட பிறகே தூண் ஏற வேண்டும்.

தரை

வலை வழியே சாரல் வரத்தான் செய்யும். அதனால் தரைக்கு வெளிப்பக்கம் வாட்டம் வேண்டும். 8 அடிக்கு ஓர் அங்குலம் போதும், நடந்தால் தெரியாது. வெளித்தரையைவிட ஒரு படி, 6 அங்குலம் உயர்த்துங்கள், வீட்டுத் தரையைவிட குறைந்தது 2 அங்குலம் தாழ்வாக இருக்கட்டும். வழுக்காத டைல்ஸ். தண்ணீர் வெளியேறும் துளைகளில் எஃகு வலைத் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் கரப்பான் அந்த வழியாக வரும்.

சுற்றிலும் சுவர் எழுப்பச் சொல்வார் கொத்தனார். ஒன்றரை அடியோடு நிறுத்துங்கள். உட்கார்ந்திருக்கும் ஆளின் மடி, மார்பு, முகத்தில்தான் காற்று பட வேண்டும். மூன்றடிச் சுவர் கட்டினால் காற்று தலைக்கு மேலே போய்விடும். ஒன்றரை அடி உயரம், ஓர் அடி அகலம் என்றால் அதுவே திண்ணையாகவும் ஆகிவிடும்.

சட்டம்

தூணுக்கு 60×60 மி.மீ., 3 மி.மீ. கனச் சதுரக் குழாய். 20 அடி நீளக் குழாய் ஒன்றில் இரண்டு தூண் வரும், மூன்று குழாய் போதும். முன்பக்க உயரம் 9 அடி, சுவர்ப்பக்கம் 10 அடி. பத்தடிக்கு ஓரடி வாட்டம், ஷீட்டுக்கும் பேனலுக்கும் இதற்குக் கீழே போகாதீர்கள். வீட்டு ஜன்னலுக்கு மேல், தரையிலிருந்து 7 அடி உயரத்தில் சன்ஷேடு இருக்கும். கூரை அதற்கு மேலே போக வேண்டும், அதை இடித்துவிட்டுப் போடக் கூடாது.

சாய்வுச் சட்டங்களுக்கு 100×50 மி.மீ., 2 மி.மீ. கனக் குழாய். 12 அடியில் நான்கு. அதே குழாயில் சுவரோடு ஒட்டிய சட்டம் ஒன்று, முன்தூண்களின் மேல் ஓடும் உத்தரம் ஒன்று. வெட்டும் முறை இது: நான்கு 20 அடிக் குழாய்களையும் 12, 8 என்று வெட்டுங்கள். 12 அடித் துண்டுகள் சாய்வுச் சட்டம். ஓர் 8 அடித் துண்டை நான்கு நான்கு அடியாக வெட்டி, இன்னும் இரண்டு 8 அடியோடு சேர்த்தால் சுவர்ச் சட்டமும் உத்தரமும் ஆகிவிடும். ஓர் 8 அடி மிஞ்சும், அது மின்விசிறிக்கு. உத்தரத்தின் இணைப்பு கண்டிப்பாகத் தூணின் தலைமேல் வர வேண்டும். அதற்கு மேலே குறுக்காக 50×25 மி.மீ. பர்லின் (கூரைப் பேனலைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), 3 அடி இடைவெளியில் ஐந்து வரிசை, ஒவ்வொன்றும் 14 அடி. இரு பக்கமும் ஓர் அடி, முன்பக்கம் இரண்டடி வெளியே நீளட்டும்.

சுவர்ச் சட்டத்தைப் பிடிக்கும் போல்ட் பூச்சிலோ செங்கல் இடுக்கிலோ நிற்கக் கூடாது. லிண்டல் (ஜன்னல், கதவுக்கு மேல் ஓடும் கான்கிரீட் பட்டை) அல்லது ரூஃப் பீம் கான்கிரீட்டில் 12 மி.மீ. ஆங்கர், இரண்டடிக்கு ஒன்று, மொத்தம் ஏழு. செங்கல் சுவர்தான் கிடைக்கிறது என்றால் துளையில் பசை வைத்து ஒட்டும் கெமிக்கல் ஆங்கர், அல்லது சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து முடுக்குவது.

பெயிண்ட் விஷயத்தில் வெல்டரை அவசரப்பட விடாதீர்கள். வெல்டிங் கசடைத் தட்டி, எமரித் தாளால் தேய்த்து, இரண்டு கை எபாக்ஸி ப்ரைமர், இரண்டு கை பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட். வெறும் ரெட் ஆக்சைடும் எனாமலும் உப்புக்காற்றுக்கு நீண்ட நாள் நிற்காது. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) குழாய் என்றால் வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து போயிருக்கும். அங்கே துத்தநாகம் செறிந்த பெயிண்டைத் தடவுங்கள். குழாயின் திறந்த வாயெல்லாம் மூடி போட்டு அடைக்க வேண்டும், மழைநீர் உள்ளே தங்கினால் துரு உள்ளிருந்து வரும், வெளியே தெரியும்போது காரியம் முடிந்திருக்கும்.

கூரை

ஒற்றை மெட்டல் ஷீட் மலிவு. அடியில் உட்கார்ந்தால் தலையில் இஸ்திரிப் பெட்டி வைத்தது போல இருக்கும், மழை பெய்தால் பேச்சு கேட்காது. கீற்று இதமானது, ஆனால் தீப்பிடிக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும். ஓடு நல்லது, ஆனால் 25 டிகிரிக்குக் குறையாத சாய்வு வேண்டும், நம் பத்தடியில் அதற்கு நாலரை அடிக்கு மேல் உயர வித்தியாசம் தேவை. பெரும்பாலான வீடுகளில் அதற்கு இடமில்லை.

ஆகவே 30 மி.மீ. பஃப் பேனல் (இரண்டு தகட்டுக்கு நடுவே பாலியூரிதேன் நுரை அடைத்தது), வெளிப்பக்கம் வெள்ளை அல்லது வெளிர்நிறம். வெயில் நாள் முழுக்க விழும் இடமென்றால் 50 மி.மீ. ஒரு மீட்டர் அகலத்தில் வருவதால் 14 அடிக்கு ஐந்து பேனல், கடைசியை அகலத்தில் வெட்ட வேண்டும். நீளத்தில் இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாக ஆர்டர் கொடுங்கள். அடர் நிறம் வேண்டாம், வீட்டுக்காரர்கள் விரும்பிக் கேட்கும் செங்கல் சிவப்பு உட்பட.

திருகுகளைப் பள்ளத்தில் அல்ல, மேட்டில் அடிக்க வேண்டும். தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கும்வரை முடுக்கினால் போதும். நசுங்கினால் ஒரு கோடையில் வெடிக்கும், அடுத்த மழையில் ஒழுகும். முதல், கடைசி பர்லினில் ஒவ்வொரு மேட்டிலும் திருகு வேண்டும், நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று. காற்று கூரையைப் பிய்ப்பது விளிம்பிலிருந்துதான்.

ஒழுகல் புகார்களில் பெரும்பாலானவை சுவரும் கூரையும் சேரும் இடத்திலிருந்து வருபவை. தகட்டைச் சுவரில் ஒட்டிச் சிலிகான் தடவிவிட்டுப் போவார்கள், இரண்டு வெயிலில் அது உரிந்துவிடும். சரியான முறை: சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்கு கட்டர் வைத்துக் காடி எடுத்து, மடித்த தகட்டின் விளிம்பை அதற்குள் செருகி, பி.யூ. சீலண்ட் வைத்து, மேலே பூசிவிடுவது. தகடு பேனலின் மேல் 6 அங்குலமாவது படர வேண்டும்.

முன்விளிம்பில் மழைநீர் வடிய 6 அங்குலக் காடித் தகடு, 4 அங்குலக் குழாய். 10 செ.மீ. மழை பெய்யும் நாளில் இந்தக் கூரையில் விழுவது 1,560 லிட்டர். அதைத் தெருவில் விடாமல் மழைநீர் சேகரிப்புக் குழிக்குக் கொண்டுபோங்கள், 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயம்.

கூரை சுவரை நோக்கி ஏறுவதால் சூடான காற்று சுவரோரம் மேலே போய்த் தங்கும். பக்கவாட்டில் சாய்வுக்குக் கீழே உண்டாகும் முக்கோண இடைவெளியைப் பலகை வைத்து மூடச் சொல்வார்கள். மூடாதீர்கள். அதற்கும் வலை. சூடு வெளியேறும் வாசல் அதுதான்.

வலை

பழகிய ஸ்லைடிங் ஜன்னல் எப்படித் திறந்தாலும் பாதிதான் திறக்கும். அந்தப் பாதியிலும் வலை இருந்தால் மெல்லிய காற்று இன்னும் குறைந்துபோகும். எனவே திறப்பு முழுவதும் வலையாக இருக்க வேண்டும். முன்பக்கம் 84, பக்கங்கள் 160, வெட்டுச் சேதாரம் சேர்த்து 280 சதுர அடி வலை வாங்குங்கள்.

ஓர் அங்குலத்துக்கு 18×16 கண்ணி போதும், கொசு நுழையாது. அதைவிட நெருக்கமான வலை பூச்சிகளை இன்னும் தடுக்கும், காற்றையும் தடுக்கும். ஃபைபர் வலை மலிவு, ஆனால் எலியும் அணிலும் கடித்து வழி செய்துகொள்ளும், பூனை நகத்தால் கிழிக்கும். தரையிலிருந்து முதல் மூன்றடிக்காவது 304 தர எஃகு வலை போடுங்கள். கடற்கரையை ஒட்டிய வீடுகளுக்கு 304-உம் பழுப்புப் புள்ளி பிடிக்கும், 316 கேளுங்கள். வெல்க்ரோ ஒட்டும் வலை இந்த அளவுக்குச் சரிப்படாது.

வலையைத் தூணில் நேராக ஆணி அடிக்காதீர்கள். அலுமினியச் சட்டத்தில் ரப்பர் பீடிங் வைத்து இழுத்து, சட்டத்தைத் திருகில் மாட்டுங்கள். தூசி படிந்த வலை காற்றை மறிக்கும், கழற்றிக் கழுவ முடிய வேண்டும். பக்கவாட்டில் 5 அடி அகலம் வரும் இடங்களை நடுவில் ஒரு செங்குத்துச் சட்டம் வைத்துப் பிரித்துவிடுங்கள். வலை தொய்யாது, 3 அடி சுருளும் பொருந்தும். அலுமினியமும் இரும்பும் உப்புக்காற்றில் நேராக ஒட்டினால் அலுமினியம் அரிக்கும், நடுவில் நைலான் வாஷர் அல்லது ரப்பர் பட்டை வையுங்கள்.

கதவு 3 அடிக்கு 7 அடி, வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தானாக மூடும் ஸ்பிரிங் வேண்டும். கதவின் அடி இடுக்கில் பிரஷ் பட்டை. கொசுத் தொல்லை தீரவில்லை என்று வலையைக் குறை சொல்பவர்கள் முதலில் இந்த இடுக்கைப் பார்க்கலாம், அடுத்து உள்ளே வைத்திருக்கும் பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரை.

மேற்கு வெயிலும் வடகிழக்குச் சாரலும்

மேற்குப் பக்கம் மூங்கில் தட்டி, வலைக்கு வெளியே 6 அங்குலம் தள்ளி. உள்ளே தொங்கவிட்டால் தட்டி வாங்கிய சூடு உங்களோடு அடைபட்டுவிடும். பச்சை நிழல்வலை போடுவதென்றால் 50 சதவீதம் போதும். தார்ப்பாய் வேண்டாம், அது பாய்மரம் போலக் காற்றை வாங்கிச் சட்டத்தையே இழுக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாரல் பெரும்பாலும் வடக்கு, கிழக்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கங்களுக்கு மட்டும் சுருட்டி ஏற்றும் பி.வி.சி. திரை. பொங்கல் கழிந்ததும் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தட்டியையும் திரையையும் முன்பே அவிழ்த்துவிட வேண்டும். வலை காற்றை ஓரளவு விடும், திரை விடாது.

வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பது, ஏர் கூலர் வைப்பது இரண்டும் வறண்ட ஊருக்கான வித்தை. சென்னையில் ஒரு மாலை 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் நீர் ஆவியாகி எவ்வளவுதான் குளிர்வித்தாலும் 28 டிகிரிக்குக் கீழே போகாது. அதற்குள் காற்று நனைந்து, வியர்வை காய வழியில்லாமல் போகும். வாசனைக்கு வேண்டுமானால் வெட்டிவேர் கட்டுங்கள்.

மின்விசிறி

12×10 அடிக்கு 1,200 மி.மீ. மின்விசிறி ஒன்று. இறக்கை தரையிலிருந்து 8 அடியில், கூரையிலிருந்து ஓர் அடியாவது கீழே. கொக்கியைப் பேனலில் மாட்டக் கூடாது. மிஞ்சிய 8 அடிக் குழாயை நடுச் சாய்வுச் சட்டங்கள் இரண்டுக்கும் குறுக்கே வைத்து, அதில் கொக்கியை வெல்டிங் செய்யுங்கள். பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி.) மோட்டார் 30 வாட் அளவில் ஓடும், பழைய வகை 70-75 வாட். இந்த இடத்தில் மின்விசிறி ஒரு நாளில் பத்து மணிநேரம் ஓடும் என்பதால் வித்தியாசம் கணக்கில் தெரியும். சுவிட்ச் போர்டு வீட்டுச் சுவரில், சாரல் எட்டாத இடத்தில். அந்தச் சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் இணைப்பே கொடுக்க வேண்டாம்.

வேலையைத் தை மாதத்தில் தொடங்கினால் குழி, கான்கிரீட் இறுகுவது, சட்டம், பெயிண்ட், பேனல், வலை என்று பங்குனிக்கு முன் முடித்துவிடலாம். ஐப்பசியில் தொடங்கினால் குழி நீரில் நிற்கும், பெயிண்ட் காயாது.

வருடத்துக்கு ஒருமுறை புரட்டாசியில் ஏணி போட்டு ஏறி, விளிம்புத் திருகுகளை முடுக்கி, காடித் தகட்டிலிருந்து வேப்பஞ்சருகை அள்ளி, தூணின் அடித்தகட்டில் துரு தெரிந்தால் தேய்த்துப் பெயிண்ட் தொட்டுவிடுங்கள். வலைச் சட்டங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, மென்மையான பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும். கடலுக்கு அருகில் என்றால் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை ஹோஸில் பீய்ச்சி உப்பைக் கழுவிவிட வேண்டும்.